எந்தப் படியில்? மையலின் மீண்டும் வளரும் என்ற பேச்சை எடைபோடும் முறை

போன ஆண்டு தைப்பூசத்துக்கு முந்திய வாரம், எங்கள் அத்தை பட்டர்வொர்த்திலிருந்து ஃபெரி ஏறிப் பினாங்குக்கு வந்து, என் தங்கையின் கையில் ஒரு மாத்திரைப் புட்டியை வைத்தார். "இதைச் சாப்பிட்டால் நரம்புக்கு மேலே இருக்கிற உறை மறுபடியும் வளருமாம், கண்ணு. முந்நூறு வெள்ளி (ரிங்கிட்) கொடுத்து வாங்கினேன்" என்றார். தங்கைக்கு மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்று மருத்துவர் சொல்லி அப்போது ஆறு ஆண்டுகள் ஆகியிருந்தன. அவள் புட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அண்ணா, இது எப்படி வளர்க்குமாம்?" என்று கேட்டாள். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அந்த மாத்திரை பயன் தருமா என்பதற்கும் முன்பாக, உடல் அந்த உறையைத் தானாக ஏன் வளர்த்துக்கொள்ளவில்லை என்பதே எனக்குத் தெரியாது என்று அன்றைக்குத்தான் உறைத்தது.

அதன் பிறகு படித்தும், மருத்துவரிடம் கேட்டும் தெளிந்தவற்றை, நம் குடும்பங்களுக்குப் பயன்படும் ஒரு முறையாக இங்கே எழுதுகிறேன். நான் மருத்துவன் அல்லன். மருந்தைத் தொடங்குவதும் மாற்றுவதும் நிறுத்துவதும் சிகிச்சையளிக்கும் மருத்துவரின் முடிவாகவே இருக்க வேண்டும். ஆனால் யாராவது ஒரு புட்டியையோ, செய்தித்தாள் துணுக்கையோ, ஸ்டெம் செல் விளம்பரத்தையோ நீட்டும்போது என்ன கேட்க வேண்டும் என்பதை நோயாளியின் வீட்டார் அறிந்திருப்பது நல்லது.

உறையும் அதைச் சுற்றுபவர்களும்

தமிழில் தண்டுவட மரப்பு நோய் என்றும், பேச்சில் எம்.எஸ். என்றும் சொல்லப்படும் இந்நோயை 1868-இல் பாரிஸில் ழான் மார்ட்டின் ஷார்கோ தனி நோயாகத் தெளிவாக விவரித்தார். மூளை, தண்டுவடம், கண் நரம்பு ஆகியவற்றில் உள்ள நரம்பிழைகளைச் சுற்றியிருக்கும் மையலின் என்ற கொழுப்புறையை நம் உடலின் நோய் எதிர்ப்பு மண்டலமே தாக்குகிறது. உறையுள்ள தடித்த இழையில் செய்தி நொடிக்கு 100 மீட்டர் வரை பாயும். உறையே இல்லாத மெல்லிய இழையில் அது நொடிக்கு ஏறத்தாழ 1 மீட்டர்தான் நகரும். வேகம் மட்டுமன்று, உறையைச் சுற்றிய உயிரணு நரம்பிழைக்கு ஊட்டமும் கொடுக்கிறது. ஆகவே உறை போன இழை மெதுவாகச் செயல்படுவதோடு, காலப்போக்கில் நலிந்து மடிந்தும் போகிறது.

மூளையில் இந்த உறையைச் சுற்றுவது ஒலிகோடென்ட்ரோசைட் என்ற உயிரணு. ஒன்றே பல கைகளை நீட்டிப் பல இழைகளில் பல இடங்களைச் சுற்றும். அது அழிந்தால் ஈடுகட்ட, வளர்ந்தவரின் மூளையிலும் முன்னோடி உயிரணுக்கள் எங்கும் பரவிக் கிடக்கின்றன. மூளையின் உயிரணுக்களில் ஏறத்தாழ 5 முதல் 8 விழுக்காடு இவைதாம். வளர்ந்த விலங்கின் தண்டுவடத்தில் உறை மீண்டும் வளரும் என்பது 1961-இலேயே பூனைகளில் காட்டப்பட்டது. மனிதர்களிலும் அது நடக்கிறது. 2006-இல் வெளியான ஓர் ஆய்வில், எம்.எஸ். உடன் வாழ்ந்து மறைந்த 51 பேரின் மூளையை ஆராய்ந்தபோது, ஐந்தில் ஒருவருக்குப் பாதிப்பிடங்களின் பெரும்பகுதியில் புதிய, மெல்லிய உறை வளர்ந்திருந்தது. இதைப் படித்த இரவு நான் தங்கைக்கு ஃபோன் செய்து எழுப்பிச் சொன்னேன். பழுது பார்க்கும் வேலை நம் உடலுக்குத் தெரியாத வேலை அன்று. பலருக்கு அது பாதியில் நின்றுபோகிறது.

வேலை நிற்கும் இடங்கள்

பழுது பார்ப்பதை நான்கு படிகளாக மனத்தில் வைத்துக்கொண்டேன். சிதைந்த உறையின் குப்பையை அகற்றுவது முதல் படி. முன்னோடி உயிரணுக்கள் பெருகிப் பாதிப்பிடத்துக்கு வந்து சேர்வது இரண்டாவது. வந்தவை முதிர்ந்து ஒலிகோடென்ட்ரோசைட்டுகளாக மாறுவது மூன்றாவது. அவை இழையைப் பற்றி உறையைச் சுற்றுவது நான்காவது. இவற்றுக்கெல்லாம் அடிப்படையாக இரண்டு நிபந்தனைகள் உண்டு: நோய் எதிர்ப்பு மண்டலத்தின் தாக்குதல் அடங்கியிருக்க வேண்டும், சுற்றுவதற்கு இழை உயிரோடு இருக்க வேண்டும்.

முன்னோடிகள் தீர்ந்துபோவதால்தான் உறை வளரவில்லை என்று நினைப்பது இயல்பு. நானும் அப்படித்தான் நினைத்தேன். 2002-இல் அமெரிக்க ஆய்வாளர்கள், மறைந்த 10 நோயாளிகளின் மூளையிலிருந்து 48 நாள்பட்ட பாதிப்பிடங்களை எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தார்கள். அவற்றில் 34 இடங்களில் ஒலிகோடென்ட்ரோசைட்டுகள் இருந்தன. கைகளை நீட்டி, உறையிழந்த இழைகளைத் தொட்டுக்கொண்டும் இருந்தன. ஆனால் சுற்றவில்லை. வேலையாட்கள் வந்துவிட்டார்கள், சாமானும் அருகில் இருக்கிறது, சுவர் மட்டும் எழவில்லை என்ற நிலை அது. எல்லா நோயாளிகளுக்கும் எல்லா இடங்களிலும் இதே படிதான் தடை என்று சொல்லிவிட முடியாது. சில பாதிப்பிடங்களில் முன்னோடிகளே குறைவாக இருக்கின்றன. என்றாலும் மூன்றாம், நான்காம் படிகளில் ஏற்படும் முடக்கம்தான் ஆய்வாளர்களின் கவனத்தை அதிகம் ஈர்த்திருக்கிறது.

அந்த முடக்கத்துக்குக் காரணங்கள் பல. அகற்றப்படாத மையலின் குப்பையே முன்னோடிகள் முதிர்வதைத் தடுக்கிறது. தழும்பு திசுவை உருவாக்கும் ஆஸ்ட்ரோசைட்டுகள், ஹையலுரோனான் போன்ற பெரிய சர்க்கரைச் சேர்மங்களைப் பாதிப்பிடத்தில் குவிக்கின்றன, அவையும் தடுக்கின்றன. ஒலிகோடென்ட்ரோசைட்டின் மேற்பரப்பிலேயே லிங்கோ-1 என்ற புரதம் ஒரு பிரேக் போலச் செயல்படுகிறது. ஒரே கதவில் நான்கைந்து பூட்டுகள் தொங்குவதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பூட்டுக்கு மட்டும் சாவி செய்த மருந்துகள் ஏன் தடுமாறின என்பது அப்போது புரியும்.

இவற்றோடு சேர்ந்தது வயது. இதைப் பற்றித்தான் நம் வீடுகளில் போதிய அளவு பேசுவதில்லை. முதல் படியில் குப்பையை விழுங்க வேண்டியவை மைக்ரோகிளியா, மேக்ரோபேஜ் என்னும் துப்புரவு உயிரணுக்கள். மையலினில் கொலஸ்ட்ரால் மிகுதி. இளம் எலியின் துப்புரவு உயிரணு அதை விழுங்கிச் செரித்து வெளியே அனுப்பிவிடுகிறது. வயதான எலியின் உயிரணுவிலோ அது வெளியேற முடியாமல் தேங்கிப் படிகமாக உறைந்து, அழற்சியை நீட்டிக்கிறது என்று 2018-இல் காட்டப்பட்டது. அதற்கு முன்பே, 2012-இல், இளம் எலி ஒன்றையும் முதிய எலி ஒன்றையும் இரத்த ஓட்டம் கலக்கும்படி இணைத்துப் பார்த்தார்கள். இளம் எலியிலிருந்து வந்த துப்புரவு உயிரணுக்களின் உதவியால் முதிய எலியின் உறை மறுபடியும் நன்றாக வளர்ந்தது. முதிய முன்னோடிகளுக்கும் திறன் முற்றாகப் போய்விடவில்லை, சூழல்தான் கைகொடுக்கவில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்றை நான் படித்ததில்லை.

இந்த நான்கு படிகளுக்குள் எளிதில் அடங்காத ஒரு கண்டுபிடிப்பையும் சொல்லிவிடுகிறேன். 1950-களிலும் 60-களிலும் நடந்த அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கார்பன்-14 கூடியது. ஓர் உயிரணு எந்த ஆண்டு வாக்கில் பிறந்தது என்பதை அதன் மரபுப் பொருளில் உள்ள கார்பன்-14 அளவு காட்டிக்கொடுக்கும். ஸ்டாக்ஹோமின் கரோலின்ஸ்கா நிலையத்தைச் சேர்ந்தவர்கள் 2019-இல் வெளியிட்ட ஆய்வில் இவ்வாறு அளந்தபோது, எம்.எஸ். நோயாளிகளின் மூளையில் உறை மீண்டும் வளர்ந்த இடங்களில் இருந்த ஒலிகோடென்ட்ரோசைட்டுகளில் பெரும்பாலானவை புதிதாகப் பிறந்தவையாக இல்லை. தாக்குதலில் தப்பிய பழைய உயிரணுக்களே உறையைச் சுற்றியிருக்கக்கூடும். எலியில் முன்னோடிகள் செய்யும் வேலையை மனிதரில் தப்பிப் பிழைத்தவை செய்கின்றன என்றால், எலியில் வெற்றி பெற்ற மருந்து மனிதரில் ஏன் சறுக்குகிறது என்பதற்கு அது ஒரு காரணமாகலாம்.

கேள்வியைப் பயன்படுத்தும் விதம்

இனி எந்த மருந்தின் பெயரைக் கேட்டாலும், "இது எந்தப் படியில் வேலை செய்கிறது?" என்று கேளுங்கள். சொல்பவரிடம் பதில் இல்லாவிட்டால் பணத்தைப் பையிலேயே வைத்திருங்கள். பதில் இருந்தால், "மனிதரில் பார்த்தார்களா, எத்தனை பேரில்?" என்பது அடுத்த கேள்வி.

மருத்துவர் எழுதித் தரும் மருந்துகளிடமிருந்தே தொடங்குவோம். 1993-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற முதல் மருந்தான இன்டர்ஃபெரான் பீட்டா-1பி முதல், 2017-இல் வந்த ஒக்ரிலிசுமாப் வரை, இவை அடிப்படை நிபந்தனையில் வேலை செய்பவை, தாக்குதலை அடக்குகின்றன. உறையை அவை சுற்றுவதில்லை. இதை அறியாததால், "ஊசி போட்டும் கால் மரத்துப்போனது மாறவில்லையே" என்று மனம் நொந்து சிலர் மருந்தை நிறுத்திவிடுகிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். எரிகிற வீட்டில் கொத்தனார் வேலை செய்ய முடியாது. நெருப்பு அடங்கியிருப்பதே அந்த ஊசியால்தான். நோய் தாக்கும்போது மூன்று முதல் ஐந்து நாள்கள் இரத்தக் குழாயில் ஏற்றும் ஸ்டீராய்டும் அழற்சியைத் தணித்து, குணமாகும் காலத்தைக் குறுக்குவதற்கே. ஸ்டெம் செல் என்ற சொல்லில் இன்னும் கவனம் தேவை. கீமோதெரபி கொடுத்துவிட்டு, நோயாளியின் சொந்த இரத்த ஸ்டெம் செல்களைத் திரும்ப ஏற்றும் முறை ஒன்று உண்டு. தேர்ந்தெடுத்த சில நோயாளிகளுக்கு, தேர்ந்த மையங்களில் அது பயன் தருகிறது. அதுவும் நோய் எதிர்ப்பு மண்டலத்தைத் திருத்தி அமைப்பதுதான். மூளைக்குள் போய் உறை கட்டும் என்று சொல்லி ஊசி விற்பவர்களை அதனோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.

உறையைக் குறிவைத்தே வந்த மருந்துகளின் வரலாறு நம்மை நிதானப்படுத்தும். லிங்கோ-1 என்ற பிரேக்கை விடுவிக்க வந்த ஒப்பிசினுமாப், பெரிய சோதனைகளில் எதிர்பார்த்த பலனைத் தரவில்லை. உறைக்குத் தேவையான கொழுப்பைத் தயாரிக்க உதவும், அதாவது நான்காம் படியில் கைகொடுக்கும் என்ற எண்ணத்தில், பயோட்டின் வைட்டமினை நாளொன்றுக்கு 300 மில்லிகிராம் கொடுத்துப் பார்த்தார்கள்; சாதாரணத் தேவையைவிடப் பத்தாயிரம் மடங்கு. 642 பேரிடம் நடந்த அந்தச் சோதனையின் முடிவு 2020-இல் வந்தது: பயனில்லை. கெடுதலும் உண்டு, ஏனென்றால் அதிக அளவு பயோட்டின் தைராய்டு, மாரடைப்பு ஆகியவற்றைக் கண்டறியும் சில இரத்தப் பரிசோதனைகளின் முடிவைத் திரித்துவிடும். முடி வளர என்று வாங்கும் மாத்திரையிலும் பயோட்டின் இருக்கும். இரத்தம் எடுக்கும் முன் அதை மருத்துவரிடம் சொல்லுங்கள்.

கிளெமாஸ்டின் என்ற பழைய ஒவ்வாமை மருந்தின் கதை சற்றே வேறு. அது முன்னோடிகளை முதிரச் செய்யும், மூன்றாம் படி. 2017-இல் வெளியான சான் ஃபிரான்சிஸ்கோ சோதனையில், 50 நோயாளிகளின் கண் நரம்பில் செய்தி செல்லும் நேரம் கண் ஒன்றுக்கு 1.7 மில்லிநொடி குறைந்தது. மிகச் சிறிய எண்தான். ஆனால் பழைய பாதிப்பும் மருந்தால் அசையும் என்பதற்கு அது அரிய சான்று. உடனே அந்த மாத்திரையைத் தேடி ஃபார்மசிக்குப் போக நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். நோய் படிப்படியாக முற்றும் வகையினரிடம் நடந்த பிற்காலச் சிறு சோதனை ஒன்றில், அதை உட்கொண்ட 9 பேரில் 3 பேருக்கு இயலாமை வேகமாகக் கூடியதால் சோதனையில் கிளெமாஸ்டின் கொடுக்கும் பகுதியையே நிறுத்திவிட்டார்கள்.

செய்தியில் எலி வந்தால், எலிக்கு என்ன வயது என்று பாருங்கள். கியூப்ரிசோன் என்ற நச்சை உணவில் கலந்து கொடுத்து எலியின் உறையை அழிப்பது வழக்கமான ஆய்வுமுறை. நச்சை நிறுத்தினால் இளம் எலி எந்த மருந்தும் இல்லாமலே சில வாரங்களில் உறையை வளர்த்துவிடும். தானாக ஆறப்போகும் புண்ணை விரைவாக ஆற்றுவதற்கும், 45 வயதுக்காரருக்குப் பத்தாண்டுகளாக ஆறாமல் கிடக்கும் பாதிப்பிடத்தை எழுப்புவதற்கும் இடையே நெடுந்தூரம்.

அத்தையின் புட்டிக்கு வருகிறேன். சீட்டில் ஒரு காளானின் சாறும் சில பி வைட்டமின்களும் எழுதியிருந்தன. எந்தப் படி என்பதற்கு அதில் பதில் இல்லை. ஒரே ஒரு விஷயம் மட்டும் பயன்பட்டது: பி12 குறைந்தாலும் மையலின் கெடும், அது எம்.எஸ். அன்று, தனிக் குறைபாடு. சைவ உணவு மட்டுமே உண்பவர்களுக்கு அது வரக்கூடும். தங்கை சைவம் என்பதால் மருத்துவரிடம் கேட்டுப் பி12 அளவைப் பார்த்தோம், சரியாகவே இருந்தது. குறைவு இருந்தால் ஊசியோ மாத்திரையோ பயன் தரும், குறைவே இல்லாதவருக்குக் கூடுதலாகக் கொடுப்பதால் உறை வளராது.

அறிக்கையைப் படிக்கும்போது

எம்.ஆர்.ஐ. அறிக்கையில் வெண்புள்ளிகளின் எண்ணிக்கை மாறாதிருப்பதைப் பார்த்து, எதுவும் ஆறவில்லை என்று முடிவு கட்டாதீர்கள். டி2 எனப்படும் எம்.ஆர்.ஐ. படவகையில் உறையிழந்த இடமும் மெல்லிய உறை வளர்ந்த இடமும் ஒன்றுபோல வெள்ளையாகத் தெரியலாம். டி1 என்ற இன்னொரு படவகையில் நெடுநாள் நீங்காத கரும்புள்ளி இருந்தால், அங்கே இழைகளே பெரிதும் அழிந்திருக்கக்கூடும். கடோலினியம் என்ற சாயமருந்தை இரத்தத்தில் ஏற்றியபின் ஒளிரும் இடம் புதிய அழற்சியைக் குறிக்கும். மருத்துவரிடம் முதலில் கேட்க வேண்டியது அதைப் பற்றித்தான்.

கண் நரம்பின் வேகத்தை அளக்கும் சோதனை எளிது, வலியில்லாதது. தங்கையின் பின்தலையில் சிறு உலோக வில்லைகளைப் பசையால் ஒட்டி, ஒரு கண்ணை மூடி, கறுப்பு வெள்ளைக் கட்டங்கள் இடம் மாறிக்கொண்டே இருக்கும் திரையின் நடுப்புள்ளியைப் பார்க்கச் சொன்னார்கள். காட்சி மூளையின் பின்புறத்தை எட்ட ஏறத்தாழ 100 மில்லிநொடி ஆவது இயல்பு. அவளுடைய இடக்கண்ணில் 101, வலக்கண்ணில் 128. அந்த 27 மில்லிநொடி வேறுபாடுதான் வலக்கண்ணின் நரம்பில் போன மையலினின் அளவுகோல். முதல்முறை போனபோது தலையில் தேங்காய் எண்ணெய் வைத்திருந்ததால் வில்லைகள் ஒட்டாமல் இன்னொரு நாள் வரச் சொல்லிவிட்டார்கள். முந்தின நாளே தலைக்குக் குளித்துவிட்டுப் போங்கள்.

நம் வட்டாரத்துக்கு மிக முக்கியமான கேள்வி இன்னொன்று. மலேசியாவில் எம்.எஸ். ஐரோப்பாவைப் போலப் பரவலாக இல்லை. அதைப் போலவே தோற்றமளிக்கும் நியூரோமயலைட்டிஸ் ஆப்டிகா என்ற வேறொரு நோய் ஆசியர்களிடம் குறிப்பிடத்தக்க அளவில் இருக்கிறது. அதன் இலக்கு ஆஸ்ட்ரோசைட். ஆஸ்ட்ரோசைட்டின் மேலுள்ள ஆக்குவாபோரின்-4 என்ற புரதத்தைத் தாக்கும், 2004-இல் கண்டறியப்பட்ட ஓர் எதிர்ப்பொருளைக் கொண்டு இரத்தத்திலேயே அதைப் பிரித்தறியலாம். எம்.எஸ்.ஸுக்குக் கொடுக்கும் இன்டர்ஃபெரான், ஃபிங்கோலிமோட் போன்ற மருந்துகள் அந்நோயை மோசமாக்கும். ஆகவே "ஆக்குவாபோரின்-4 பார்த்தாயிற்றா, டாக்டர்?" என்று தயங்காமல் கேளுங்கள். கிளினிக் கெசிஹாத்தான் என்ற அரசு சுகாதார நிலையத்திலிருந்து ருஜுக்கான் (பரிந்துரை) கடிதத்தோடு அரசு மருத்துவமனைக்கு முதன்முதலில் போகும்போதே இந்தக் கேள்வியைத் தாளில் எழுதி எடுத்துப் போவது நல்லது, ஏனென்றால் அந்த அறைக்குள் போனதும் பாதி மறந்துவிடும்.

வெயிலில்

உறையற்ற இழையின் குணத்தை நான் கண்ணெதிரே கண்டது லிட்டில் இந்தியாவில். நண்பகலில் பூக்கடையிலிருந்து கோவில் வரை பத்து நிமிடம்தான் நடந்திருப்போம். தங்கை நின்றுவிட்டாள். "அண்ணா, வலக்கண்ணில் புகை மூட்டின மாதிரி இருக்கு" என்றாள். பக்கத்துப் புடவைக் கடையின் ஏர்கோனுக்குக் கீழே உட்கார வைத்தோம். கடைக்காரம்மா குளிர்ந்த தண்ணீர் கொடுத்தார். இருபது நிமிடத்தில் புடவைக் கரையின் சரிகையை எண்ணிச் சொல்லும் அளவுக்குப் பார்வை திரும்பியது. 1890-இல் வில்ஹெல்ம் உட்ஹாஃப் விவரித்த நிகழ்வு இதுதான். உடல் வெப்பம் சிறிது ஏறினாலே, உறையிழந்த இழையில் ஏற்கெனவே தள்ளாடும் செய்தி நின்றுபோகிறது. உடல் குளிர்ந்தால் மறுபடி ஓடுகிறது. இது புதிய சேதம் அன்று.

இவ்வாண்டு தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை முருகன் கோவிலுக்குப் பொழுது விடிவதற்கு முன்பே போய், வெயில் ஏறுவதற்குள் திரும்பிவிட்டோம். கழுத்தில் நனைத்த துண்டு, கையில் ஐஸ் போட்ட தண்ணீர்ப் புட்டி, இடையில் உட்கார ஒரு மடக்கு நாற்காலி. அத்தைதான் அந்த நாற்காலியைச் சுமந்து வந்தார். காய்ச்சலோ சிறுநீர்த் தொற்றோ இல்லாமலே, குளிர்ந்த பிறகும் புதிய அறிகுறி 24 மணி நேரத்துக்கு மேல் நீடித்தால், அதை வெயில் என்று தள்ளிவிடாமல் அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் சொல்லுங்கள்.